ரீச்சரின் நாணயமும் மூன்று விரல்களும்

யாழ்ப்பாணத்தில் நாம் பியானோ பயின்றோம் என்றால் இங்குள்ள எம்மவரே சற்று ஐயத்துடன் பார்ப்பதுண்டு. எமது தந்தையார் தபாற்கந்தோரில் எழுதுவினைஞர். வீட்டில் வானொலிப்பெட்டியைத் தவிரப் பாடுவது வேறெதுவும் இருந்ததில்லை. பாடசாலைக் காலை வழிபாட்டுக்கு வாசிக்க ஒரு பிள்ளை வேண்டுமென்று 1970 இல், எமது எட்டாவது வயதில், தேவாலயத்தின் அருகே வசித்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் அனுப்பப்பட்டோம்.

ரீச்சரின் பியானோவினுள்ளே எந்நேரமும் சிறியதொரு மின்குமிழ் எரிந்துகொண்டிருக்கும். கடற்காற்றின் ஈரத்தில் கட்டைகள் ஊறி இறுகாதிருக்க அவர் கண்ட உபாயம் அது. எமது புறங்கையில் ஐம்பது சத நாணயமொன்றை வைப்பார். வாசித்து முடியும்வரை அது விழலாகாது. விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாளில் இல்லாத சுரமொன்றைத் தொட்டுவிட்டால், "ஆரைக் கேட்டு உதை வாசிச்சனீர்?" என்பார். இலண்டன் பரீட்சைகளில் ஐந்தாந் தரம்வரை தேறினோம். அதே காலத்தில் கோவில் திருவிழாக்களில் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் கேட்டோம். (அவர் 1975 இல் மறைந்தார்.) எந்தத் தாளையும் பாராது அவரது கைகள் கணக்கை விரித்துச் செல்வதைக் கண்டு வியந்தோமேயன்றி, அதற்கும் பியானோவுக்கும் தொடர்பிருக்கலாமென எமக்குத் தோன்றவேயில்லை.

1987 இல் மொன்றியல் வந்து சேர்ந்தோம். அகதி விண்ணப்பம், பனி, இரவு வேலை ஆகியவற்றை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1989 இல் வேலைத்தலத்து இயந்திரமொன்று எமது இடக்கையின் கடைசி இரு விரல்களையும் பறித்துக்கொண்டது. கட்டுப் பிரித்த அன்று எமது நினைவுக்கு வந்தது சம்பளமன்று, ரீச்சரின் நாணயம். இதனை மனைவியிடங்கூட நெடுங்காலம் சொல்லவில்லை.

பின்னர் உணவகமொன்றில் கோப்பை கழுவினோம். வார இறுதிகளில் அங்கு பியானோ வாசித்த கறுப்பின முதியவர், கடை பூட்டிய பின்னர் நாம் வலக்கையால் மட்டும் பழைய பரீட்சைப் பாடமொன்றைத் தட்டுவதைக் கண்டார். இடக்கை எங்கே என்று வினவினார். காட்டினோம். அனுதாபமாக ஒரு சொல்லும் சொல்லாது அருகில் அமர்ந்து, தமது இடக்கையின் இரு விரல்களை மட்டும் கட்டைகளில் வைத்தார்.

அவர் காட்டியது புளூஸ் எனப்படும் பன்னிரண்டு தாளவட்டங்கொண்ட வடிவம். ஜாஸ் இசையின் அரிச்சுவடி அதுவே. சி, எஃப், ஜி என்னும் மூன்று சுரக்கூட்டுகள் அதற்குப் போதும். ஒவ்வொன்றிலும் மூன்றாம், ஏழாம் சுரங்கள் ஒலித்தாற் கூட்டு இன்னதெனச் செவி அறிந்துகொள்ளும். சியிலிருந்து எஃபுக்குச் செல்ல இரு விரல்களும் ஒரு கட்டை கீழே இறங்கினாற் போதும். ஜிக்கு ஒரு கட்டை மேலே. அவ்வளவுதான்! எமக்கு எஞ்சியிருந்த மூன்று விரல்களில் ஒன்று மிகுதியாகவே இருந்தது.

வலக்கைதான் எம்மை வதைத்தது. எழுதாததை வாசிக்க அது கூசியது. பியானோவிற் கமகம் இயலாது. ஆதலால் அடுத்தடுத்த இரு கட்டைகளைச் சேர்த்து நசுக்கி அந்த இடைச்சுரத்தின் வலியைக் காட்டுகிறார்கள். எமது செவிக்கு அது பிழையாகவே பல மாதங்கள் ஒலித்தது.

மொன்றியலில் 1925 இற் பிறந்த ஒஸ்கார் பீற்றர்சனைப் பற்றி முதலில் எமக்குச் சொன்னவரும் அம்முதியவரே. புகையிரதத்திற் சுமையாளாக உழைத்த தந்தையின் மகன் அவர். சிறுவயதிற் காசநோய் கண்டு எக்காளத்தைக் கைவிட்டுப் பியானோவுக்கு வந்தவர். 1993 இற் பாரிசவாதம் அவரது இடக்கையைத் தளர்த்தியது. ஆயினும் மீண்டும் மேடையேறி, 2007 இல் மறையும்வரை இசையைக் கைவிடாதிருந்தார். அவரது இடக்கைச் செய்தியை அறிந்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

1994 இற் பழைய வில்லிஸ் பியானோவொன்று ஏறக்குறைய இனாமாகக் கிடைத்தது. இந்நகரத்து வீடுகளின் வெளிப்படிக்கட்டுகளை அறிந்தோர்க்கு, அதனை இரண்டாம் மாடிக்கு ஏற்றிய நண்பர்கள் அறுவரின் அன்றைய பாடு புரியும்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் ரீச்சர் தமது பியானோவை விட்டு வெளியேறினார். ஈற்றிற் கொழும்பில் உறவினரோடு தங்கியிருப்பதாக அறிந்து, நாம் வாசித்ததை ஒலிநாடாவிற் பதிந்து அனுப்பினோம். கையைப் பற்றி எதுவும் எழுதவில்லை. மூன்று மாதங்களின் பின் நடுங்கும் எழுத்தில் மறுமொழி வந்தது. "இரண்டாவது பாட்டில் வேகம் கூடிக்கொண்டு போகிறது. கவனிக்கவும். இடக்கைக்கு என்ன நடந்தது?"

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் எழுதினோம். வேகம் இன்றும் கூடிக்கொண்டுதான் போகிறது.