சிரிப்பும் தேயுமோ?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1989 டிசம்பர் 17-இல் தனித் தொடராகத் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்' என்னும் கார்ட்டூன் நாடகம் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்தும் நடைபெறுகின்றது. அன்று பத்து வயதினனாயிருந்த பார்ட் இன்றும் பத்து வயதினனே! நகைச்சுவையும் அவ்வாறே மூப்பின்றி நிற்கின்றதா?

இல்லை என்பதே நம் கருத்து. முதற் கதையில், கிறிஸ்துமஸ் போனஸ் இல்லையென்றானதை மனைவியிடம் மறைத்து, ஹோமர் கடையொன்றில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் பூணுகிறான். பிடித்தமெல்லாம் போகக் கையில் வந்தது 13 டாலர்! அதனையும் நாய்ப்பந்தயத்தில் தோற்று, கடைசியாக வந்து விரட்டப்பட்ட நாயையே பரிசென வீட்டிற்குக் கொணர்கிறான். பூஜை போனஸை எண்ணி நாட்களைக் கழிக்கும் இரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்கு அச்சிரிப்பின் ஈரம் விளங்காதா?

1997-இலோ, பள்ளித் தலைவர் ஸ்கின்னர் வேறொருவர் பெயரில் வாழ்ந்த போலி எனத் திடீரெனக் காட்டினர். ஒரு நாள் வியப்புக்காகப் பல்லாண்டுப் பாத்திரத்தையே பலியிட்டால், பின்னர் அவர் சினங்கண்டு நகைப்பது எங்ஙனம்? ஹோமரும் வரவர, பணமுடையை மறைக்கும் தந்தையாக அன்றி, வெறும் மூடனாகவே பெரிதும் காணப்படுகிறான்.

நம் இல்லத்துச் சிறுவர்களோ புதிய கதைகளுக்கே விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர்களுடன் வழக்காட மனமில்லை. ஞாயிறுதோறும் பழைய கதையொன்றை நடுவே போட்டுவிடுகிறோம்.