அடுப்பில்லாத கேக்கும் அண்ணாச்சியும்

புனேக்கு வந்த புதிதில் வெந்நீர் வைக்கத் தெரிந்தாலே சமையல்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். இப்போது சீஸ்கேக் வரை வந்தாயிற்று. எல்லாம் காலக்கொடுமை :-)

அயர்லாந்து போய்வந்த ஆபீஸ் நண்பர் ஒரு பெய்லிஸ் பாட்டில் கொடுத்தார். ஐரிஷ் விஸ்கியும் க்ரீமும் கலந்த இனிப்பு மது. 1974ல் சந்தைக்கு வந்த சரக்கு. எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. அறைத்தோழர் அண்ணாச்சிக்கோ பிறந்தநாள் வருகிறது. சரி, பேக் பண்ணாத சீஸ்கேக் செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

செய்முறை ரொம்ப எளிது மக்களே. 200 கிராம் டைஜெஸ்டிவ் பிஸ்கட்டைப் பொடித்து, 100 கிராம் உருக்கிய வெண்ணெயில் பிசறி, அடி கழலும் கேக் டின்னில் அழுத்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள். 400 கிராம் க்ரீம் சீஸ், 75 கிராம் பொடித்த சர்க்கரை, 60 மில்லி பெய்லிஸ் மூன்றையும் கட்டியில்லாமல் அடியுங்கள். 200 மில்லி விப்பிங் க்ரீமைத் தனியாகக் கெட்டியாக அடித்து, அதில் மெதுவாகக் கலந்து, பிஸ்கட் மேல் பரப்புங்கள். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். எலுமிச்சை பிழியாதீர்கள், பெய்லிஸ் திரிந்துவிடும். ஆசைப்பட்டு மதுவைக் கூட்டினால் கேக் இறுகாது, பாயசம்தான்.

இனி நான் செய்த அயோக்கியத்தனம். அண்ணாச்சி குடியை விட்டு 3 வருஷம் ஆகிறது. அது தெரிந்தேதான் ஊற்றினேன். மனசுக்குள் ஒரு கணக்கு: பெய்லிஸில் ஆல்கஹால் 17 சதவீதம். 60 மில்லியில் 10 மில்லி. 8 துண்டு போட்டால் ஆளுக்கு ஒரு மில்லி சொச்சம். இதெல்லாம் ஒரு அளவா?

அடுப்பில் வைக்கிற பண்டமென்றால் கொஞ்சமாவது ஆவியாகும். இதில் சூடே கிடையாது. ஊற்றியது ஊற்றியபடி உள்ளேயே இருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் கேக்கை வெட்டி, ஸ்பூனை வாய்க்கிட்டே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"என்னடே வாசம்?"

காபி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

ஸ்பூனைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "கொஞ்சம்னுதாம்டே நானும் எப்பவும் ஆரம்பிச்சேன்" என்றார். எழுந்துபோய் காலையில் மிஞ்சிய இட்லியைச் சாப்பிட்டார். தன் பிறந்தநாளுக்கு!

மிச்ச பாட்டிலை நண்பரிடமே திருப்பிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு இன்னொரு கேக். பெய்லிஸுக்குப் பதில், ஊரிலிருந்து வந்த காபிப்பொடியில் இறக்கிய கெட்டி டிகாக்ஷன் 3 ஸ்பூன், நன்றாக ஆறவைத்து. சொன்னால் நம்பமாட்டீர்கள், முதல் கேக்கைவிட இதுதான் பிரமாதம்.

அண்ணாச்சி 2 துண்டு சாப்பிட்டார். ஆனால் முதல் ஸ்பூனுக்கு முன்னால் என் முகத்தை ஒருதரம் பார்த்தார்.

நீங்கள் பெய்லிஸ் ஊற்றித்தான் செய்வீர்கள் என்றால், செய்யுங்கள். தட்டை நீட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.