மகாலட்சுமித் திடலில் ஒரு குதிரை

மாட்டுங்காவில் வாழும் நம்மவருக்கு மகாலட்சுமி என்றதும் முதலில் கோயில் நினைவுக்கு வரும். அடுத்தபடி குதிரைப் பந்தயம். பந்தயம் என்ற சொல்லுக்கே நம் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆயினும் சென்ற கார்த்திகை முதல் பங்குனி வரை ஞாயிறுதோறும் விடியற்காலையில் அங்கே செல்லும்படி நேர்ந்தது. என் தமையனார் மகள் குதிரைச் சவாரி பயில விரும்பினாள். துணைக்குப் போனவன் நான். பந்தயம் எதையும் நான் காணவில்லை. பந்தயத்தை விட்டு வந்த ஒரு குதிரையின் மறுவாழ்வைக் கண்டேன்.

மாட்டுங்கா ரோடு நிலையத்தில் ரயில் ஏறினால் நான்காவது நிலையம் மகாலட்சுமி. நிலையத்தின் ஒருபுறம் புகழ்பெற்ற வண்ணான்துறை. மறுபுறம் 1883-இல் அமைந்த பந்தயத் திடல். கடற்காற்று வீசும் அப்பசும்புல் வெளியைப் பார்த்தால் பம்பாயில்தான் இருக்கிறோமா என்ற ஐயம் எழும்.

அங்கே சவாரி கற்பித்த முதியவர் ராஜஸ்தானத்துக்காரர். பட்டாளத்தில் குதிரைகளோடு பழகியவர். எல்லோரும் அவரை ‘உஸ்தாத்’ என்றே அழைத்தனர். அவரிடம் செந்நிறக் குதிரை ஒன்று புதிதாக வந்திருந்தது. ஆறு வயது. “இதற்கு ஓடத் தெரியும்; நடக்கத் தெரியாது” என்றார். நான் வியந்தேன்.

அவர் விளக்கினார். பந்தயக் குதிரை கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னோக்கிப் பாய மட்டுமே பழகியது. கடிவாளத்தை இழுத்தால் அதன்மேல் சாய்ந்துகொண்டு இன்னும் விரையும். ஒருபுறம் எளிதில் வளையும். மறுபுறம் கட்டைபோல் விறைக்கும். குதிரையின் உடற்பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. அதற்கு நம்மைப் போலக் காறை எலும்பு இல்லை. முன்னுடல் தசைகளாலேயே இரு கால்களுக்கிடையே தொங்குகிறது. அதன்மேல் மனிதனும் ஏறி அமர்ந்தால், வலுவற்ற முதுகு பள்ளமாகிறது, தலை மேலெழுகிறது, நடை குறுகுகிறது. நாளடைவில் முதுகு நோகும், கால்கள் கெடும்.

“மழைக்காலத்துக்குள் இது பக்குவப்பட வேண்டும். நாளொன்றுக்குப் பத்துக் கிலோ புல்லும் தீனியும் தின்னும் பிராணியை உபயோகமின்றி எவர் வைத்துக் காப்பார்?” என்று உஸ்தாத் பெருமூச்செறிந்தார்.

முதல் ஆறு வாரம் சேணமே இல்லை. நீண்ட கயிற்றில் பிடித்து, இருபது மீட்டர் அகலமான வட்டத்தில் நடத்தினார். இடம் பத்து நிமிடம், வலம் பத்து நிமிடம், பிறகு ஓய்வு. தலையைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டும்படி விட்டார். தரையில் வரிசையாகக் கழிகளைப் போட்டு, ஒவ்வொன்றையும் கால் தூக்கிக் கடக்கச் செய்தார். வயிறும் முதுகும் வலுப்பெறவே இவ்வளவும். பின்னரே என் மகள் முறையானவள் அதன்மேல் ஏறினாள்.

இங்கேதான் நான் ஒரு பிழை செய்தேன். எங்கள் ஊர் ஐயனார் கோயில் மண்குதிரைகள் கழுத்தை வில்லாய் வளைத்து நிற்கும். ‘குதிரை என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்?’ என்று எண்ணி, “வாரை நன்றாக இழுத்துப் பிடி, அம்மா” என்றேன். “சரி, சித்தப்பா” என்று அவளும் இழுத்தாள். குதிரை முதுகைப் பள்ளமாக்கித் தலையை உதறிப் பக்கவாட்டில் துள்ளியது. அவள் மணலில் விழுந்தாள். நல்லவேளை, காயமில்லை.

உஸ்தாத் அவளைக் கடியவில்லை, என்னைப் பார்த்தார். நான் மண்குதிரைக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “மண்குதிரையின் கழுத்தைக் கையால் வளைக்கலாம். உயிர்க்குதிரையின் கழுத்தை அதன் பின்னங்கால்தான் வளைக்கும்” என்றார். ஆனால் குதிரைக்குக் கையைக் கண்டாலே அச்சம் பிடித்துக்கொண்டது. மீண்டும் கயிறு, மீண்டும் வட்டம். என் ஒரு சொல்லால் மூன்று வாரம் வீணாயிற்று. மழைக்காலத்தை நினைத்து நான் மனம் நொந்தேன்.

அதன்பின் உஸ்தாத் அதைத் தோளைச் சற்று உட்புறம் சாய்த்துப் பக்கவாட்டில் நடக்கப் பழக்கினார். இம்முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆசிரியர் கெரினியேர் எழுதி வைத்திருக்கிறார். இதனால் உட்புறப் பின்னங்கால் வயிற்றின்கீழ் வந்து பாரத்தை ஏற்கிறது. விறைத்த பக்கமும் இளகுகிறது. வற்புறுத்தலால் குதிரையிடம் அழகு பிறவாது என்பதை ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கரான செனபன் எழுதியிருக்கிறார். 2023-இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் நம் நாட்டுக் குழு தங்கம் வென்ற ‘டிரஸ்ஸாஜ்’ என்ற கலையும் இதன் முதிர்ந்த வடிவமே.

பங்குனிக் கடைசி ஞாயிறன்று குதிரை துள்ளுநடையில் வந்தது. மூக்கால் நீளமாகச் செருமியது. முதுகு அலைபோல் அசைந்தது; பின்னங்கால்கள் ஆழ வந்து ஊன்றின. அவள் கைகள் வாரைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. கழுத்து தானாகவே வளைந்தது, எங்கள் ஊர் ஐயனார் குதிரையைப் போல! உஸ்தாத் ஒன்றும் பேசவில்லை. அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, “இது இங்கேயே இருக்கும்” என்றார்.

அன்பர்களே, ஒரு ஞாயிறு காலை, முன்கூட்டி அனுமதி பெற்று, குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்று காட்டுங்கள். வேலியோரம் நின்று எனக்குத் தோன்றியதைச் சொல்லாமல் பாருங்கள். அது மட்டும் என் வேண்டுகோள்.