மெதுவாக மிதித்துப் பார்

மேட்டுப்பாளையத்தில் பிரேக் வேலை பார்க்கும் பட்டறைகளுக்கு ஆள் பிடித்துத் தருவது மலைதான். குன்னூர் பாதையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள். உருளையும் கேரட்டும் ஏற்றி இறங்குகிறவர்கள் இன்ஜின் சத்தம் மாறினால்கூட ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள்; பிரேக்கில் சந்தேகம் வந்தால் தள்ளிப்போடுவதில்லை.

நான் போயிருந்த பட்டறைக்கு அப்படித்தான் ஒரு 'குட்டி யானை' லோடு வண்டி வந்து நின்றது. "மிதிச்சா பிடிக்குதுங்ணா. மிதிச்ச மேனிக்கே நின்னா பெடல் மெல்ல உள்ள போவுது" என்றார் ஓட்டுநர். அறுபதை நெருங்கும் மெக்கானிக் உடனே பானாவை எடுக்கவில்லை. டப்பாவில் பிரேக் ஆயில் அளவைப் பார்த்தார், குறையவில்லை. நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் விரலால் தடவினார், ஈரமில்லை. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் பெடலை மெதுவாக அழுத்தினார்.

அந்த 'மெதுவாக'வில்தான் வித்தை. பலமாக மிதித்தால் ஆயிலின் அழுத்தமே மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பின் உதட்டை விரித்துச் சிலிண்டர் சுவரோடு ஒட்டவைத்துவிடும். தேய்ந்த கப்கூட நல்ல பிள்ளையாக நிற்கும். லேசாக அழுத்தினால் ஆயில் அந்த உதட்டைத் தாண்டிப் பின்பக்கம் நழுவுகிறது. வெளியே ஒரு சொட்டு வராது, பெடல் மட்டும் இறங்கும். கொழகொழவென்று இருந்தால் லைனில் காற்று. முதல் மிதிக்குத் தாழ்ந்து மறு மிதிக்கு உயர்ந்தால் பெரும்பாலும் பின் டிரம்மில் லைனர் இடைவெளி. இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர்.

அதையும் அவர் அப்படியே நம்பவில்லை. சிலிண்டரிலிருந்து போகும் பைப்புகளைக் கழற்றி, துளை அடைத்த பழைய நட்டுகளை அந்த இடத்தில் முறுக்கினார். இப்போது ஆயில் போக வழியே இல்லை. பெடல் அசையக் கூடாது. அசைந்தது. "இனி வேற எதையும் சந்தேகப்பட வேண்டாம்."

"ரப்பர் கிட் மட்டும் மாத்துனா போதாதுங்களா?" கேட்காத ஓட்டுநர் உண்டா! சிலிண்டரை இறக்கி, பிஸ்டனை உருவி, டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். நானும் எட்டிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக அரிப்பு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; அந்த ஈரம்தான் சுவரை அரிக்கிறது. டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறினால் அந்தத் தரவரம்பே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் சூடேறும் பிரேக்குக்கு இது விளையாட்டல்ல. அரித்த சுவரில் புதுக் கப் போட்டால் அதுவும் கிழியும். வருஷக்கணக்கில் ஆயில் மாற்றாததுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை, ஓட்டுநருக்கே புரிந்திருந்தது.

மாட்டுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. புது சிலிண்டரை வைஸில் கவ்வவைத்து, சின்னக் குழாய்களை டப்பாவுக்கே திருப்பி விட்டு, குமிழி நிற்கும்வரை பிஸ்டனைத் தள்ளி எடுத்தார். வண்டியில் பூட்டியதும் ஏர் எடுக்கும் வேலை. பையன் சீட்டில், அவர் தூரத்துச் சக்கரத்தடியில்.

"மிதி... மிதி... பிடி!"

"பிடிச்சுட்டேன்ணா."

"நான் சொல்றவரைக்கும் காலை எடுக்காத!"

காற்று வெளியேறச் சக்கரத்தில் திறந்த நிப்பிளை மூடும் முன் கால் மேலே வந்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். இந்த ஒரு வார்த்தைக்குக் கட்டுப்படக் கற்ற பிறகுதான் பையன்களுக்கு பானா கையில் கிடைக்கிறது.

கடைசியில் மறுபடியும் வெறுங்கால், மறுபடியும் மெதுவாக. பெடல் நின்ற இடத்திலேயே நின்றது. பழைய சிலிண்டரை ஓட்டுநர் கையிலேயே கொடுத்துவிட்டார். பொருளின் விலைக்குப் பில் இருந்ததால் அதில் பேரம் இல்லை. கூலியில்தான் ஆரம்பித்தது: "ரெண்டு நட்டு, ரெண்டு பைப்பு... இதுக்கு இவ்வளவுங்களாண்ணா?"