உறுமலும் குரலும்

விருந்துக்கு வருபவர் கூடத்தைப் பார்ப்பார், அடுப்படியைப் பார்ப்பதில்லை. விருந்தின் தரமோ அடுப்படியில்தான் முடிவாகிறது. ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிபயரும் அத்தகையதே. பேச்சையும் பாட்டையும் நாம் ஸ்பீக்கரில் கேட்கிறோம். அவற்றுக்கு உணவூட்டும் பவர் சப்ளையோ பெட்டியின் மூலையில் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. அதன் அருமையை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை. உம்மாவின் பொருட்டு அறிய நேர்ந்தது.

கடல் கடந்து பொருளீட்டச் சென்றோரின் குடும்பங்களுக்குக் கேசட் கடிதத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தொலைபேசி அரிதாக இருந்த நாட்கள் அவை. ஊர் திரும்பும் ஒருவரின் பெட்டியில் சோப்புக்கும் அத்தருக்கும் நடுவே ஒரு கேசட்டும் வரும். சலாம் கூறித் தொடங்கும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும். 1982 முதல் 1986 வரை வாப்பா தம்மாமிலிருந்து அனுப்பியவற்றுள் ஏழு கேசட்டுகளை உம்மா தம் பெட்டகத்தில் காத்து வைத்திருந்தார்கள். வாப்பா மர்ஹூமாகிப் பல ஆண்டுகள் கழிந்தபின், “அவங்க பேசுனதை இன்னொரு தடவை கேக்கணும் வாப்பா” என்றார்கள் ஒரு நாள்.

வீட்டிலிருந்த பழைய டூ-இன்-ஒன் பெட்டியில் நாடாவை ஓட்டும் பகுதி நலமாயிருந்தது. ஒலியைப் பெருக்கும் பகுதிதான் செத்துப்போயிருந்தது. உம்மாவுக்கோ செவிப்புலன் குன்றிவிட்டது. ஆகவே எல்.எம்.1875 என்னும் சிறு சில்லைக் கொண்டு நாமே ஓர் ஆம்ப்ளிபயர் செய்துவிடுவதென்று துணிந்தோம். துணைக்கு வந்தவன் பொறியியல் பயிலும் தங்கை மகன்.

சில்லைப் பொருத்துவது ஒரு மாலை வேலையாக முடிந்தது. பவர் சப்ளையை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. பரணில் கிடந்த 12-0-12 வோல்ட், ஒரு ஆம்பியர் டிரான்ஸ்பார்மரையும், 1,000 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் இரண்டையும் வைத்துக் கட்டிவிட்டோம். உம்மாவை அருகில் அமர்த்தி நாடாவை ஓடவிட்டோம். மெல்ல ஒலித்தவரை குரல் கேட்டது. உம்மாவின் செவிக்கு எட்டுமாறு ஒலியைக் கூட்டியதும் குரல் உடைந்து சிதறியது. அதனூடே ஓர் உறுமல் எழுந்தது. உம்மா ஒன்றும் கூறவில்லை. தஸ்பீஹை எடுத்துக்கொண்டு எழுந்து சென்றார்கள். அந்த மௌனம் நம்மைச் சுட்டது.

குற்றம் எங்கே? நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை சுழல்கிறது. நான்கு டயோடுகள் அதை ஒருதிசையாக்கும்போது விநாடிக்கு 100 துடிப்புகளாகின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலுள்ள பஞ்சத்தில் சில்லுக்கு மின்சாரம் ஈவது கெப்பாசிட்டர். நீர் வராத நேரத்துக்கு வீட்டில் நிரப்பி வைக்கும் தொட்டி போன்றது அது. தொட்டி சிறிதானால் நீர்மட்டம் விரைந்து தாழும். 1,000 மைக்ரோபாரட் தொட்டியிலிருந்து ஓர் ஆம்பியரை இழுத்தால், நூற்றிலொரு விநாடிக்குள் 10 வோல்ட் வரை வீழ்ந்துவிடும். நாம் வைத்திருந்ததே 16 வோல்ட்! வாப்பாவின் குரல் உயரும்போதெல்லாம் அதன் உச்சி வெட்டுண்டது. வெட்டுண்ட இடமெல்லாம் உறுமல் புகுந்தது. சில்லின்மீது பழியில்லை, நாம் அதைப் பட்டினி போட்டிருந்தோம்.

இம்முறை முறையாகத் தேர்ந்தெடுக்க எண்ணிச் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றோம். கடைக்காரர் முதலில் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை எடுத்து வைத்தார். கையடக்கம், எடையுமில்லை. அது விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடுவதால் அதன் துடிப்பு மனிதச் செவிக்கு எட்டாது. நன்கு செய்யப்பட்டவை உயர்ந்த கருவிகளிலும் இடம்பெறுகின்றன; குறை கூறுவதற்கில்லை. ஆனால் அவர் காட்டியது ஒற்றை மின்னழுத்தம் தருவது. நம் சுற்றுக்குக் கூட்டலும் கழித்தலுமாக இரண்டு வேண்டும். மேலும் அதனுள்ளே 325 வோல்ட் அளவில் மின்சாரம் தேங்கி நிற்கும். பழகுபவன் திறந்து பார்த்துக் கற்கும் பொருளன்று. அதை விலக்கினோம்.

“அப்படின்னா 24-0-24 எடுத்துக்குங்க பாய், சும்மா அதிரும்” என்றார் அவர். மருமகனின் கண்கள் மின்னின. ஒரு தாளில் கணக்கிடச் சொன்னோம். டிரான்ஸ்பார்மர் தரும் 24 வோல்ட், சீராகிக் கெப்பாசிட்டரில் நிரம்பும்போது 1.414 மடங்காகிறது, ஏறத்தாழ 34. இரு பக்கமும் சேர்த்தால் 68. இந்தச் சில்லின் தாங்கும் எல்லையோ 60. முதல் நாளே கருகிப்போகும்!

“18-0-18 சரியா வரும் மாமா” என்றான் அவன். அதுவும் பிழையன்று. ஆயினும் நள்ளிரவில் நம் ஊரில் மின்னழுத்தம் 250ஐத் தொடுவதுண்டு. பாரமில்லாத டிரான்ஸ்பார்மர், மேலே எழுதியிருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தரும். இரண்டும் சேர்ந்தால் எல்லைக்கு அருகே போய் நிற்போம். நாம் கேட்க விரும்பியது ஒரு மனிதரின் பேச்சு. கேட்பவர் ஒரு முதியவர். இடமோ ஓர் அறை. பத்துப் பதினைந்து வாட்டுக்கு மேல் என்ன தேவை? 15-0-15 வோல்ட், மூன்று ஆம்பியர் டிரான்ஸ்பார்மரை எடுத்தோம். பக்கத்துக்கு 20 வோல்ட் கிடைக்கும். வோல்ட்டில் சிக்கனம் காட்டிய நாம் தொட்டியில் தாராளம் காட்டினோம்: பக்கத்துக்கு 10,000 மைக்ரோபாரட். ஓர் ஆம்பியர் இழுத்தாலும் வீழ்ச்சி ஒரு வோல்ட்டைத் தாண்டாது.

வீடு வந்து கட்டினோம். 230 வோல்ட் வரும் வழியில் ஒரு பியூஸ்; இரும்புப் பெட்டிக்கு எர்த் இணைப்பு. “மின்சாரத்தை நிறுத்தியபின்னும் கெப்பாசிட்டர் மறக்காது, ரெசிஸ்டர் வழியே அதை வடித்துவிட்டே கை வைக்க வேண்டும்” என்று மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்தோம். குரல் இப்போது உடையவில்லை. ஆனாலும் மெல்லிய உறுமல் எஞ்சியது. அதற்குப் பவர் சப்ளையின் அளவு காரணமன்று, அமைப்பே காரணம். கெப்பாசிட்டருக்கு மின்சாரம் பாயும் கம்பியிலேயே ஒலியின் தரைக்கம்பியையும் இணைத்திருந்தோம். எல்லாத் தரைக்கம்பிகளையும் ஒரே புள்ளியில் தனித்தனியே சேர்த்தோம். நாடா படிக்கும் தலைக்கு அருகிலிருந்த டிரான்ஸ்பார்மரை இரண்டடி தள்ளி வைத்தோம். பெட்டி அமைதியாயிற்று.

அன்று இஷாவுக்குப் பின் உம்மா வந்து அமர்ந்தார்கள். நாடா ஓடத் தொடங்கியதும் மீண்டும் ஓர் உறுமல்! நம் நெஞ்சு துணுக்குற்றது. நாடாவை நிறுத்தினால் நின்றது, ஓட்டினால் வந்தது. அப்படியானால் இது நாடாவிலேயே பதிந்தது. கூர்ந்து கேட்டபோது அதன் சுருதியும் நம் ஊர் உறுமலைவிடச் சற்று உயர்ந்திருந்தது. தம்மாமில் மின்சாரம் விநாடிக்கு 60 முறை சுழல்வது மருமகனுக்கு நினைவு வந்தது. “இதையும் வடிகட்டி எடுத்துடலாம் மாமா” என்று அவன் எழுந்தான்.

உம்மா கையமர்த்தினார்கள். “அதை எடுக்காதீங்க. அது உங்க வாப்பா ரூமுல ஓடுன ஏசி. அதோட சத்தத்துல தூக்கம் வர மாட்டேங்குதுன்னு முந்தின கேசட்டுல சொல்லியிருந்தாங்க.”

நாம் வாளாவிருந்தோம். நம் பெட்டியின் உறுமல் ஓய்ந்த பின்னரே அந்த அறையின் உறுமல் உம்மாவின் செவியை எட்டிற்று. நாற்பதாண்டுகளுக்கு முன் அந்த இரைச்சலுக்கு நடுவே தனியே அமர்ந்து, நம் பெயரைச் சொல்லி, “நல்லாப் படிக்கிறியா வாப்பா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள் அவர்கள். உம்மா அந்தப் பக்கம் முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும், “அடுத்த பக்கத்தைப் போடு” என்றார்கள்.