பீச்சேகத்தியும் கூன்முதுகு மீனும்

பவானிக் கூடுதுறையில் பத்து வயதில் மண்புழு கோத்துத் தூண்டில் போடக் கற்றவன் நான். அதே காவிரி குடகு மலையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க எனக்கு ஐம்பத்தைந்து வயது ஆக வேண்டியிருந்தது. ஒரு பிப்ரவரி மாதம் விடியற்காலையில் குஷால்நகரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தோளில் தூண்டில் கம்பு. மனதில் இரண்டு ஆசைகள். காவிரியில் ஒரு மஹசீர் மீனைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குடகர் வீடு ஒன்றில், கடையில் அல்ல, வீட்டில், ஒரு பழைய பீச்சேகத்தியை, அவர்களுடைய இடுப்புக் கத்தியை, கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மீன்பிடிப்பதும் கத்தி சேர்ப்பதும் முப்பது வருடமாக என்னோடு சேர்ந்தே வருகிற பழக்கங்கள்.

தங்கியது சித்தாபுரம் சாலையில் ஒரு காப்பித் தோட்டத்தில். தோட்டத்துப் பெரியவர் ஒரு நண்பர் வழியாக அறிமுகம். எண்பதை நெருங்குகிறவர், தோட்டத்தில் வேலை செய்யும் தமிழர்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாக வரும். அனுமதியெல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். "ஆத்துக்கு அவரோட போங்க தம்பி" என்று பரிசல்காரரைக் காட்டினார். பரிசல்காரருடைய அப்பா காலத்தில் தர்மபுரிப் பக்கமிருந்து வந்த குடும்பம்.

பரிசல்காரர் முதலில் என்னை அடுப்படிக்குத்தான் கூட்டிப்போனார். கேழ்வரகு மாவைக் கெட்டியாகப் பிசைந்து, உருட்டி, கொதிக்கும் நீரில் போட்டார். உருண்டை மிதந்து மேலே வந்ததும் எடுத்து, சூடு பொறுக்கும் பதத்தில் மறுபடியும் பிசைந்தார். களி கிண்டுகிறவர்களுக்குத் தெரியும் அந்தப் பதம். கையில் ஒட்டவும் கூடாது, விரிசல் விடவும் கூடாது. "ஓட்டத்துல கரையாம நிக்கணும் அண்ணே. அதே சமயம் மீன் வாய் வச்சா விட்டுக்கொடுக்கணும்" என்றார். எலுமிச்சை அளவு உருண்டையில் முள்ளைப் புதைத்து மூடினார். முள்ளின் முனைக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் சிறு கூரைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கியிருந்தார். பிடிக்கிற மீனைத் திருப்பி ஆற்றில் விடுவது அங்கே விதி. முள் சுலபமாகக் கழல வேண்டும்.

மஹசீருக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில் இருக்கிறது. நண்டையும் நத்தையையும் அங்கேதான் நொறுக்கும். பாறை இடுக்கில், வெள்ளம் சுழித்து அமைதியாகிற இடத்தில் நிற்கும். இரையை எடுத்ததும் ஓட்டத்தோடு கீழ்நோக்கி ஒரே பாய்ச்சலாகப் பாயும். சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873ஆம் ஆண்டிலேயே இந்திய ஆறுகளின் தூண்டில் மீன்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வெள்ளைக்கார அதிகாரிகள் விடுப்பெடுத்துக்கொண்டு காவிரிக்கு வந்தது இந்தப் பாய்ச்சலுக்காகத்தான். 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் பிடித்த மஹசீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ.

நாங்கள் மூன்று மணி நேரம் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். தூண்டில் நரம்பை விரலில் தாங்கிக்கொண்டு, பேச்சில்லாமல். இரண்டு முறை முள் பாறையில் மாட்டிக்கொண்டது. இரண்டு முறையும் பரிசல்காரர் இடுப்பிலிருந்து ஒரு கத்தியை எடுத்து நரம்பை அறுத்தார். அந்தக் கத்தியைப் பிறகு சொல்கிறேன்.

வெயில் ஏறும் நேரத்தில் விரலில் இரண்டு சின்னத் தட்டல். அடுத்த நொடி ரீல் அலறியது. கால் மணி நேரம் நின்று நிதானமாக இழுத்துக் கரையோரம் கொண்டுவந்தோம். நாலு கிலோ இருக்கும். தண்ணீரைவிட்டு எடுக்காமல், நனைந்த கையால் அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்தேன். செதில் ஒவ்வொன்றும் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிது. முதுகில் பித்தளை நிறம், வயிற்றை நோக்கி வெளுத்துக்கொண்டே போகிறது. உதடு தடித்து, மீசை இரண்டு ஜோடி. துடுப்புகளில் சாம்பல் கலந்த நீலம். தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்திருந்தோம். செவுள் நாலைந்து முறை திறந்து மூடியதும் வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போய்விட்டது. என் உள்ளங்கையில் வழவழப்பு மட்டும் மிச்சம்.

"இது நீலத் துடுப்பு. எங்கப்பா காலத்து மீன் இது இல்ல அண்ணே. அதுக்குத் துடுப்பு ஆரஞ்சு. முதுகுல கூன் இருக்கும்" என்றார் பரிசல்காரர்.

அவர் சொன்னது ஆய்வாளர்கள் சொல்வதோடு அப்படியே பொருந்துகிறது. காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹசீரை உலகமே அறிந்திருந்தும், அதற்கு முறையான அறிவியல் பெயர் எதுவென்று உறுதியானது 2018இல்தான். கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்து 2007இல் விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவியும் இதுவும் ஒன்றே என்று கண்டார்கள். பாம்பாறு அமராவதியில் சேர்கிறது, அமராவதி கரூர் அருகே காவிரியில் சேர்கிறது. ஆக, நம் ஆற்றின் மீன்தான். பெயர் உறுதியான அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகவும் அறிவிக்கப்பட்டது. வெடி வைத்துப் பிடித்ததும், அணைகளும், மணல் அள்ளியதும் காரணங்கள். இன்னொன்று, நல்ல எண்ணத்தில் நடந்தது. மஹசீர் குறைகிறதே என்று வேறு ஆற்று இனமான நீலத்துடுப்பு மஹசீரைப் பண்ணையில் பொரித்து 1970களிலிருந்து குஞ்சு குஞ்சாகக் காவிரியில் விட்டார்கள். வந்தது பெருகியது, இருந்தது ஒடுங்கியது. நான் தாங்கிப் பிடித்தது வந்த மீனை. அழகான மீன், சந்தேகமில்லை. ஆனால் அது இருந்த இடம் இன்னொன்றின் இடம் என்பது தெரிந்த பிறகு மகிழ்ச்சி முன்போல் இல்லை.

சாயங்காலம் பெரியவர் என்னைத் தம் குடும்பத்தின் ஐன்மனைக்கு, அதாவது மூதாதையர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தூண்கள் நிறைந்த முற்றத்து வீடு. உள்ளறையிலிருந்து பீச்சேகத்தியைச் சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

பீச்சேகத்தியைக் குடகு ஆண்கள் இடுப்பில் கட்டும் சிவப்புப் பட்டுக் கச்சையில் முன்பக்கமாகச் செருகுவார்கள். மேல்நாட்டு அருங்காட்சியகப் பட்டியல்களில் இதைப் பிச்சங்கத்தி என்று எழுதியிருக்கும். இந்த அலகு ஏழு அங்குலம், ஒருபக்கக் கூர், தடித்த முதுகு. பிடி கொம்பு, அதன் தலையில் கிளி முகம் போல ஒரு வளைவு. உறை மரம், மேலே வெள்ளித் தகடு. உறையிலிருந்து ஒரு வெள்ளிச் சங்கிலி தொங்கியது. அதன் நுனியில் குறும்பிவாங்கி, முள்வாங்கி எனக் குட்டிக் குட்டிச் சாமான்கள். விளக்கருகில் வைத்து அலகைப் பார்த்தேன். பிடியை ஒட்டிய இடத்தில் அகலம் அப்படியே இருக்கிறது. நடுவில் ஒரு நூல் அளவு குறைந்து, லேசாக உள்வாங்கியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கல்லில் தீட்டித் தேய்ந்த இடம் அது. உறையின் வாயில், கட்டைவிரல் ஊன்றி உருவுகிற இடத்தில் மட்டும் வெள்ளியின் பூவேலை மழுங்கிப் போயிருந்தது.

இந்த இரண்டு தேய்மானத்தையும் பார்க்கத் தெரியாததால்தான் சில வருடங்களுக்கு முன் நான் ஏமாந்தேன். ஒரு நகரத்துப் பழம்பொருள் கடையில் இருநூறு வருடத்துக் குடகுக் கத்தி என்று சொல்லி ஒன்றை விற்றார்கள். ஒரு மாதச் சம்பளம் போயிற்று. வீட்டில் வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் துரு அலகு முழுக்க ஒரே சீராக இருக்கிறது. காலம் வைக்கிற துரு அப்படி இருக்காது. ஈரம் தங்கிய இடத்தில் குழி விழும், கை பட்ட இடத்தில் பழுப்பாகி நின்றுவிடும். அமிலத்தில் முக்கி எடுத்தால்தான் சீராக வரும். அலகு எங்கும் தேயவில்லை, ஒருமுறைகூடத் தீட்டப்படாத கத்தி. அது இருநூறு வருடம் யார் இடுப்பில் இருந்திருக்க முடியும்?

பழங்கத்தியின் மதிப்பு வெள்ளியின் எடையில் இல்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். உறை அதே கத்திக்குச் செய்ததா, அலகு எப்படித் தேய்ந்திருக்கிறது, யார் வீட்டிலிருந்து வந்தது, இந்த மூன்றுக்கும் விடை இருந்தால்தான் அது சேகரிப்புப் பொருள். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கினால் பாதி மதிப்பு அன்றே போய்விடும். தோலுறைக்குள்ளேயே வைத்தால் தோலைப் பதனிட்ட ரசாயனம் அலகை அரிக்கும். சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். யானைத்தந்தப் பிடி போட்ட கத்தியை விற்பதும் வாங்குவதும் குற்றம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயா, இதுக்கு யாராவது நல்ல விலை சொன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"என்னுதா இருந்தா யோசிக்கலாம் தம்பி. இது ஒக்கத்தோடது" என்றார். ஒக்கம் என்றால் ஒரே மூதாதையரின் வழிவந்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தது. "கல்யாணத்துக்கு யார் மாப்பிள்ளையோ அவன் இடுப்புல இது இருக்கும். மறுநாள் திரும்ப இங்க வந்துரும்."

செப்டம்பர் 3 அன்று கைல்போல்து. குடகர்கள் ஆயுதங்களைக் கழுவித் துடைத்து, பூ வைத்துக் கும்பிடும் நாள். அன்று துப்பாக்கியின் வாயில் செருகுகிற தோக்குப் பூ என்ன பூ என்று கேட்டேன். மழைக்காலத்தில் வேலியில் படருகிற நம் செங்காந்தள்தான். பெரியவர் துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயில் துணியை நனைத்து அலகை ஒருமுறை துடைத்து, பட்டில் சுற்றி உள்ளே கொண்டுபோனார்.

இப்போது பரிசல்காரரின் கத்தி. உடைந்த ஹாக்ஸா பிளேடைத் தீட்டி அலகாக்கி, பிடிக்குச் சைக்கிள் ட்யூபை இறுக்கிச் சுற்றிய கத்தி அது. இரும்பறுக்கிற வாளின் எஃகு, கூர் நன்றாக நிற்கும். ஒரு பக்கம் பல் அப்படியே விட்டிருந்தார், செதில் சுரண்ட. பதினொரு வருடமாக அதே கத்தியாம். கிளம்பும் நாளில் என்னிடமிருந்த சுவிஸ் மடக்குக் கத்தியைக் கொடுத்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மடக்குக் கத்தியைத் திறந்து மூடிப் பார்த்து, "கத்தரிக்கோல் நல்லா இருக்குண்ணே, என் பொண்ணு எடுத்துக்கும்" என்றார்.

என் அலமாரியில் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. சணல் கயிற்றில் ஓர் அட்டை கட்டி, யார் செய்தது, எந்த ஆற்றங்கரை, எத்தனை வருடம் உழைத்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் தாத்தாவின் பேனாக்கத்தியோ பாக்குவெட்டியோ அரிவாளோ இருக்கும். பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஓர் அட்டையில் எழுதிக் கட்டி வையுங்கள்.