இனிஷியல் இல்லாத பெயர்கள்

ஏதென்ஸில் தீசியோ மெட்ரோ நிலையத்தில் இறங்கி எர்மூ தெருவில் மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் கெராமைக்கோஸ் வந்துவிடுகிறது. பழங்காலத்தில் குயவர்கள் வாழ்ந்த பேட்டை. ‘செராமிக்’ என்ற சொல்லுக்கும் இந்தப் பெயருக்கும் வேர் ஒன்றுதான். மண்பாண்டம் செய்த இடத்தை ஒட்டியே நகரத்தின் இடுகாடும் இருந்தது.

காலையிலேயே போய்விட்டேன். இன்றைய தெருமட்டத்திலிருந்து சில மீட்டர் கீழே இறங்கினால் சத்தம் சட்டென்று அடங்குகிறது. எரிடானோஸ் என்ற சிற்றோடை நாணல்களுக்கு நடுவே ஓடுகிறது. அதன் கரையில் ஓர் ஆமை, யாரைப் பற்றியும் கவலையில்லாமல், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைய மதில் கல் ஒன்றைச் சுற்றிக்கொண்டு போனது.

நான் தேடி வந்தது திப்பிலோன் வாசலை. பழைய ஏதென்ஸின் பெரிய கோட்டைவாசல் அது. இன்று மிஞ்சியிருப்பது அடித்தளக் கற்கள்தான். அங்கிருந்து பிளேட்டோவின் அகாடமி இருந்த தோப்பை நோக்கி அகலமான சாலை ஒன்று ஒன்றரை கிலோமீட்டர் தூரம் போனது. போரில் இறந்தவர்களை அரசுச் செலவில் புதைத்த பொதுக் கல்லறைகள் அதன் ஓரமாக இருந்தன. ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸின் கல்லறையும் அந்தச் சாலையில்தான். பத்து இருபது எட்டு வைத்துப் பார்த்தேன். சாலை வேலியோடு முடிந்துவிடுகிறது. மீதி இன்றைய நகரத்துக்கு அடியில் கிடக்கிறது.

அந்த ஈமச்சடங்கு எப்படி நடந்தது என்பதை வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் விவரித்திருக்கிறார். களத்திலேயே எரித்து, எலும்புகளை ஊருக்குக் கொண்டுவருவார்கள். கூடாரம் போட்டு அவற்றைப் பார்வைக்கு வைப்பார்கள். உறவினர்கள் தங்கள் காணிக்கையைக் கொண்டுவந்து வைக்கலாம். மூன்றாம் நாள் சைப்ரஸ் மரப் பேழைகள் வண்டியேறும். குலத்துக்கு ஒன்று வீதம் பத்துப் பேழைகள். கூடவே, விரிப்பு விரித்த காலிப் பாடை ஒன்றும் போகும். அது உடல் கிடைக்காமல் போனவர்களுக்கு. குடிமக்களும் போகலாம், அயலூராரும் போகலாம். கல்லறையருகே பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். மண் மூடிய பிறகு, நகரம் தேர்ந்தெடுத்த ஒருவர் எழுந்து பேசுவார். கி.மு. 431-இல், ஸ்பார்ட்டாவுடன் நடந்த பெலொப்பனேசியப் போரின் முதலாண்டு முடிவில் அப்படிப் பேசியவர்தான் பெரிக்ளிஸ். இறந்தவர்களின் பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை நகரமே வளர்க்கும்.

எல்லாக் கிரேக்கர்களும் இப்படிச் செய்யவில்லை. ஸ்பார்ட்டாக்காரர்கள் விழுந்த மண்ணிலேயே புதைப்பது வழக்கம். ஏதென்ஸும் ஒருமுறை விதிவிலக்குச் செய்தது. கி.மு. 490-இல் மராத்தானில் இறந்த 192 பேரை, அவர்கள் வீரத்தைத் தனியே மதித்து, அந்தக் களத்திலேயே மேடெழுப்பிப் புதைத்தார்கள்.

திப்பிலோனிலிருந்து சாலையோரமாக நடந்தால் நீளமான கல்மேடை ஒன்று வருகிறது. உள்ளே படுத்திருப்பவர்கள் ஏதென்ஸ்காரர்களே இல்லை, ஸ்பார்ட்டாக்காரர்கள். கி.மு. 403-இல், ‘முப்பதின்மர்’ என்ற கொடுங்கோல் குழு ஏதென்ஸை ஆண்டபோது, அதற்கு ஆதரவாக வந்து மக்களாட்சிப் படையுடன் மோதி இறந்தவர்கள். கல்வெட்டு வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கிறது. கைரோன், திப்ராக்கோஸ் என்ற படைத்தலைவர்களின் பெயர்கள் அதில் உண்டு. எதிரிக்குத் துணைவந்தவர்களின் கல்லறையை மக்களாட்சி திரும்பிய பிறகும் ஏதென்ஸ் விட்டுவைத்தது.

அங்கிருந்து நடந்து ‘கல்லறைத் தெரு’வுக்கு வந்தேன். இது தனிக்குடும்பங்களின் இடம். மூலையில் வளைந்த மேடையின்மேல் குதிரைவீரன் தெக்சிலேயோஸ். வெயிலில் நிற்பது நகல், அசல் இங்குள்ள அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. உள்ளே போய் வெகுநேரம் நின்றேன். குதிரை முன்கால் தூக்கி நிற்கிறது. கீழே ஆடையற்ற எதிரி சாய்ந்து கிடக்கிறான். கையில் ஈட்டி இல்லை. வெண்கலத்தில் செய்து பொருத்தியது போய், துளைகள்தான் மிச்சம்.

சிற்பத்தைவிட அடியிலுள்ள எழுத்து என்னைப் பிடித்துக்கொண்டது. லிசானியாஸ் மகன் தெக்சிலேயோஸ், தோரிக்கோஸ் ஊரான், இன்னாரின் ஆட்சியாண்டில் பிறந்தான், இன்னாரின் ஆட்சியாண்டில் கொரிந்தில் இறந்தான் என்கிறது கல். கணக்குப் போட்டால் கி.மு. 414-ஐ ஒட்டிப் பிறந்து 394-இல் மடிந்திருக்கிறான். வயது இருபது. பிறந்த ஆண்டைக் கல்லறையில் வெட்டுவது ஏதென்ஸில் வழக்கமில்லை. பிறகு ஏன்? குதிரைப்படை முப்பதின்மருக்குத் துணைபோன படை என்று கெட்ட பெயர் எடுத்திருந்தது. அந்த நாட்களில் எங்கள் பையனுக்குப் பத்து வயதுதான் என்று சொல்ல வீட்டார் விரும்பியிருக்கலாம் என்பது அறிஞர்கள் ஊகம். ஸ்பார்ட்டாக்காரர் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அந்த ஊகம் உறைத்தது.

மாலை தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அதே ஆண்டு இறந்த குதிரைவீரர்களுக்கு அரசு எழுப்பிய நினைவுச்சின்னத்தின் துண்டு அங்கே இருக்கிறது. பெயர்ப் பட்டியலில் தெக்சிலேயோஸ் உண்டு. லிசானியாஸ் இல்லை. தோரிக்கோஸ் இல்லை.

அரசுப் பட்டியல்களின் வழக்கமே அதுதான். குலவாரியாகப் பெயர்களை அடுக்குவார்கள். தளபதியென்றால் பதவியைச் சேர்ப்பார்கள். அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் வராது. அந்தப் பத்துக் குலங்களும் இரத்த உறவால் வந்தவை அல்ல. கி.மு. 508-ஐ ஒட்டி கிளைஸ்தனிஸ் என்ற சீர்திருத்தவாதி கடற்கரை, நகரம், உள்நாடு மூன்றையும் கலந்து அமைத்தவை. சேர்ந்து வாக்களித்தவர்கள் சேர்ந்து போரிட்டார்கள், ஒரே பேழையில் சேர்ந்து வந்தார்கள். இனிஷியல் இல்லாமல் பெயர் எழுதிப் பழகாத எனக்கு, செல்வந்தன் மகனும் செருப்புத் தைப்பவன் மகனும் அடுத்தடுத்த வரியில் ஒரே அளவு எழுத்தில் நிற்பது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று பட்டது. தங்களை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு பெரிக்ளிஸின் உரையைவிட நேரான சான்று இந்தப் பட்டியல். ஆனால் வீட்டாருக்கு அது போதவில்லை. நகரம் சமமாக்கிய பிள்ளையை அவர்கள் இன்னொரு கல்லில் திரும்பத் தங்கள் பிள்ளையாக்கிக்கொண்டார்கள்.

இருட்டும் நேரத்தில் சின்டாக்மா சதுக்கம் வந்தேன். நாடாளுமன்றத்தின் முன், 1932-இல் திறந்த பெயரறியாப் போர்வீரர் நினைவிடம். விழுந்து கிடக்கும் பழங்கால வீரனின் புடைப்புச் சிற்பத்துக்கு இருபக்கமும் துசிடிடிஸின் பக்கங்களிலிருந்து எடுத்த வாசகங்கள். ஒன்று அந்தக் காலிப் பாடையைப் பற்றியது. சுற்றிலும் போர்க்களங்களின் பெயர்கள் மட்டும். ஆட்பெயர் ஒன்றுகூட இல்லை. காவலர்கள் மாறும் நேரம். குஞ்சம் வைத்த காலணிகள் கல்தரையில் மெதுவாக எழுந்து விழுந்தன.

பழைய பட்டியலில் போனது அப்பா பெயர். இங்கே பெயரே போய்விட்டது. அறைக்குத் திரும்பிக் குறிப்பேட்டை எடுத்தபோது, அன்று பார்த்த அத்தனை பெயர்களில் முதலில் எழுதியது அந்தப் பட்டியலில் இல்லாத பெயரைத்தான்: லிசானியாஸ், தெக்சிலேயோஸின் அப்பா.